இருமல் சத்தம் கங்காணிக்கும் கேட்கும்

எங்கள் மாத்தளை மாவட்டத்தில் ஒரு சர்வதேச கிரிக்கெட் மைதானம் இருக்கு. ரங்கிரி தம்புள்ள மைதானம். 2001இலிருந்து அங்கே சர்வதேச மெச் நடக்குது. எத்தனையோ நல்ல சதங்களையும் நல்ல பந்துவீச்சையும் பார்த்த இடம். ஆனால் வெளிநாட்டில் கிரிக்கெட் பார்க்கிற ஒருத்தரிடம் தம்புள்ள என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாக அவருக்கு ஞாபகம் வருவது ஒரு நோ போலாகத்தான் இருக்கும்.

2010 ஓகஸ்ட் 16. இலங்கை, இந்தியா, நியூசிலாந்து ஆடிய முத்தரப்புத் தொடர். இலங்கை 170 ஓட்டங்களுக்குச் சுருண்டுவிட்டது. இந்தியா ஜெயிக்க இன்னும் ஒரேயொரு ஓட்டம் வேண்டும். வீரேந்தர் ஷேவாக் 99இல் நிற்கிறார். சுராஜ் ரந்தீவ் பந்து போட வர்றார். காலைக் கோட்டைத் தாண்டி நல்லா நீட்டி வைத்துப் போட்டார். ஷேவாக் அதைத் தூக்கி சிக்ஸர் அடித்தார், அடித்த கையோடு சதம் என்று நினைத்தார். நடுவர் கையை நீட்டிவிட்டார். நோ போலுக்குக் கிடைத்த அந்த ஒரு ஓட்டத்தோடு மெச் முடிஞ்சு போச்சு. சிக்ஸர் கணக்கில் இல்லை. ஸ்கோர் புத்தகத்தில் ஷேவாக் இன்னைக்கும் ஆட்டமிழக்காமல் 99தான்.

எங்களுக்கு அப்போ ஆறு, ஏழு வயசு. இதை எழுதுகிற நாலு பேரும் அன்றைக்கு நாலு வீட்டில் இருந்தோம். ரெண்டு பேர் தோட்டத்தில், ஒருத்தி மாத்தளை டவுனில், ஒருத்தன் உக்குவெலையில். கலைப்பீடத்துக்கு வந்த பிறகுதான் ஒருத்தரை ஒருத்தர் தெரியும். ஆனால் அந்த நோ போலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், நாலு வீட்டிலும் ஒரே விஷயம் நடந்திருக்கு. பந்து போடுறதுக்கு முன்னாடி இலங்கை வீரர்கள் தங்களுக்குள் சிங்களத்தில் கதைத்தது ஸ்டம்ப் மைக்கில் பிடிபட்டது. அடுத்த நாட்களில் அதுதான் பெரிய பேச்சு. யார் சொன்னது, என்ன சொன்னது, அதற்கு அர்த்தம் என்ன என்று இந்தியாவில் மொழிபெயர்த்துக்கொண்டு இருந்தாங்க. எங்க வீடுகளில் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படல. அந்த மைதானத்தில் ஷேவாக்குக்கு விளங்காதது, லயத்துக் காம்பராவில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எங்க மாமாவுக்கு விளங்கியது.

இலங்கை கிரிக்கெட் நிறுவனம் விசாரித்து ரந்தீவுக்கு ஒரு மெச் தடையும் தண்டமும் போட்டது. டில்ஷானுக்கும் தண்டம். ரந்தீவ் ஷேவாக்கிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். அணித்தலைவர் குமார் சங்கக்கார. அவர் மாத்தளையில் பிறந்தவர். ஊரில் எல்லாருக்கும் அது பெருமை, எங்களுக்கும்தான். அதனால் அந்த வாரம் ஊரே கொஞ்சம் சங்கடப்பட்டது. சங்கடப்பட்டதை யாரும் வெளியில் காட்டல. “சட்டத்துல எங்கடா பிழை? நோ போல் போட்டா ஒரு ரன் குடுக்கணும், குடுத்தாச்சு” என்பதுதான் கடைத்தெருவில் கேட்ட வாதம்.

இந்த வாதத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 13 வருஷம் கழித்து, 2023 நவம்பர் 6ஆம் திகதி, டெல்லியில் அஞ்சலோ மெத்யூஸின் ஹெல்மெட் வார் அறுந்தது. வேறு ஹெல்மெட் வரும்வரைக்கும் அவர் நின்றார். பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட்டார். நடுவர் ‘டைம்ட் அவுட்’ கொடுத்தார். சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் மெத்யூஸ். சட்டப்படி சரியான முறையீடு. ஆனால் அன்றைக்கு அதே கடைத்தெருவில் சட்டத்தைப் பற்றி ஒரு ஆள் வாய் திறக்கல. “விளையாட்டுக்கு ஒரு நியாயம் வேணாமா?” இதுதான் எல்லார் வாயிலும். சட்டம் டாக்காவுக்குப் போய்விட்டது, நியாயம் மாத்தளைக்கு வந்துவிட்டது.

நாங்கள் இதையெல்லாம் தோண்டத் தொடங்கியதற்குக் காரணம் கிரிக்கெட்டே இல்லை. 2024இல் வந்த ஒரு அமெரிக்க ஆவணப்படம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலில் பயிற்சியாளர்கள் ஓரத்தில் நின்றுகொண்டு கையாலும் படம் போட்ட அட்டைகளாலும் அடுத்து என்ன ஆடணும் என்று சைகை காட்டுவார்கள். எதிரணி அந்த சைகையைப் பார்த்துக் கண்டுபிடித்தால் அதற்குத் தடை இல்லை. கண் இருக்கிறவன் பார்ப்பான். ஆனால் பின்னால் மோதப் போகிற அணியின் மெச்சுகளுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி உளவு பார்க்கக் கூடாது என்று 1994இலிருந்து விதி இருக்கு. மிஷிகன் பல்கலைக்கழக அணியில் கொனர் ஸ்டாலியன்ஸ் என்று ஒரு கீழ்மட்ட ஊழியர். அவர் டிக்கெட் வாங்கிக் கொடுத்து ஆட்களை அந்த மெச்சுகளுக்கு அனுப்பினார், அவர்கள் சைகைகளை ஃபோனில் படம் பிடித்தார்கள் என்பதுதான் 2023 ஒக்டோபரில் வெளியே வந்த குற்றச்சாட்டு. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்போவுக்கு மூன்று மெச் தடை. அணி அந்த மூன்றையும் ஜெயித்தது. 2024 ஜனவரி 8ஆம் திகதி வொஷிங்டனை 34க்கு 13 என்று தோற்கடித்து சம்பியனும் ஆனது. 2025 ஓகஸ்டில் கோடிக்கணக்கில் தண்டம் விழுந்தது, கிண்ணம் கையில்தான் இருந்தது.

எங்களைப் பிடித்து இழுத்தது ரசிகர்கள்தான். மிஷிகன் ரசிகர்கள் ‘மிஷிகன் எதிர் எல்லாரும்’ என்று எழுதிய டீசேர்ட் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிடிபட்டவன் தானே பாதிக்கப்பட்டவனாக மாறிவிடுகிற அந்த வேகம் எங்களுக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. எதிரணி ரசிகர்களோ தங்கள் அணி தோற்ற பழைய மெச்சுக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

படம் முடிந்ததும் எங்களுக்குள் வந்த முதல் சண்டை ஒரு சொல்லைப் பற்றியது. இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? விடுதியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர் “அளாப்பல்” என்றார். அளாப்பி விளையாடுறான் என்றால் விளையாட்டில் ஏமாத்துறான் என்று அர்த்தமாம். நாங்கள் கள்ளாட்டம் என்போம். ஆனால் ரெண்டு சொல்லும் பொருந்தல. எதிராளி கையைக் காட்டினான், நான் பார்த்தேன். இதில் கள்ளம் எங்கே?

அதற்கு விடை எங்களில் ஒருத்தியின் அம்மாச்சியிடம் இருந்தது. அவர் றத்தொட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். மலையில் நிரை பிடித்துப் பறிக்கிறபோது கங்காணி வருவது யார் கண்ணில் முதலில் படுகிறதோ, அவர் இருமுவாராம். ஒரு இருமல் நிரை முழுக்கப் போகும். வெத்திலை போடுறவங்க எழும்புவாங்க, கதைச்சிக்கிட்டு நின்னவங்க கை ஓடத் தொடங்கும். “கங்காணிக்கு அது தெரியாதா அம்மாச்சி?” என்று கேட்டோம். சிரித்தார். “ஏன் தெரியாம? அவனும் கொழுந்து பறிச்சவ மகன்தானே. அவனுக்குத் தெரிஞ்சதும் நாங்க இருமலை விட்டுட்டுப் பாட்டுக்கு மாறிட்டோம்.” கங்காணி இருமலைப் புரிந்துகொண்டதில் அம்மாச்சிக்குக் கோபமே இல்லை. அவருக்குக் கோபம் வேறொரு பொம்பளை மேல். நிரைக்குள்ளேயே நின்று, இருமலையும் பாட்டையும் கங்காணியிடம் போய்ச் சொன்னவள். அவள் செத்து எத்தனையோ வருஷம். அவள் பேரைச் சொல்லும்போது அம்மாச்சியின் முகம் இன்னும் மாறுது.

மிஷிகன் விவகாரத்தை இதைவிடத் தெளிவாக எங்களுக்கு யாரும் விளக்கல. காதில் விழுந்த இருமலைப் புரிந்துகொள்வது சாமர்த்தியம். அடுத்த மலைக்கு ஆள் வைத்துக் கேட்பது வேறு.

இலங்கைக்கும் இப்படியொரு சைகைக் கதை இருக்கு. 2022 செப்டெம்பர் 1, துபாயில் ஆசியக் கிண்ணம், பங்களாதேஷோடு மெச். அந்தத் தொடர் இலங்கையில் நடந்திருக்க வேண்டியது. நாடு இருந்த நிலைமையில் இங்கே நடத்த முடியல. பெற்றோல் வரிசை, மின்வெட்டு, என்ன நடக்கும் என்று தெரியாத காலம். ஃபோனில் டேட்டா இருக்கிறவன் வீட்டில் கூடிப் பார்த்தோம். பங்களாதேஷ் துடுப்பெடுத்தாடும்போது உடைமாற்றும் அறைப் பக்கம் கெமரா திரும்பியது. அங்கே அட்டையில் ‘2டி’ என்று எழுதியிருக்கு. இன்னொரு தரம் ‘டி5’. பயிற்சியாளர் கிறிஸ் சில்வர்வுட் தரப்பிலிருந்து மைதானத்தில் இருக்கும் தசுன் ஷானகவுக்குப் போகிற செய்தி.

எந்தத் துடுப்பாட்ட வீரருக்கு எந்தப் பந்துவீச்சாளர் பொருத்தம் என்று பகுப்பாய்வாளர்கள் ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அதை நினைவுபடுத்துகிற எழுத்தும் இலக்கமும்தான் அது. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை, தலைவருக்கு ஒரு ஆலோசனை, நிறைய அணிகள் செய்கிறதுதான் என்ற மாதிரி சில்வர்வுட் பிறகு சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கு. 2020 டிசம்பரில் கேப் டவுனில் இங்கிலாந்து இதையே செய்தது. பகுப்பாய்வாளர் நேதன் லீமன் பல்கனியில் அட்டை வைத்தார், தலைவர் ஒயின் மோர்கன் பார்த்தார். அப்போது இங்கிலாந்தின் தலைமைப் பயிற்சியாளர் யார் தெரியுமா? இதே சில்வர்வுட்.

இங்கிலாந்து செய்தபோது எங்க பக்கத்து வீட்டு அங்கிள் “இனி கப்டனுக்குப் பதிலா ரிமோட்டை அனுப்பலாமே” என்று நக்கலடித்தார். 2022இல் அதே அங்கிள் “கோச் மூளையைப் பாத்தியா?” என்றார். அன்றைக்கு இலங்கை 184ஐத் துரத்தி ரெண்டு விக்கெட்டால் ஜெயித்தது. கடைசியில் ஜெயித்ததும் பங்களாதேஷ் போட்ட ஒரு நோ போலோடுதான். சாமிக கருணாரத்ன நாகின் டான்ஸ் ஆடினார். பத்து நாளில் பாகிஸ்தானையும் தோற்கடித்துக் கிண்ணத்தை எடுத்துவிட்டாங்க. அதற்குப் பிறகு 2டி பற்றிக் கேள்வி கேட்க இங்கே யாருக்கு மனசு வரும்?

எங்கள் கருத்தைக் கேட்டால், அட்டை காட்டுவது பிழையில்லை. உலகமே பார்க்கிற கெமராவுக்கு முன்னால் காட்டுகிற ஒன்றில் ஒளிவு ஏது? ஆனால் ஒரு தலைவர் தானே யோசித்து, பிழைவிட்டு, ஏச்சு வாங்குவதைப் பார்ப்பதில்தான் எங்களுக்கு ருசி. அர்ஜுன ரணதுங்க அட்டையைப் பார்த்துக் களத்தடுப்பை மாற்றுவாரா என்று கற்பனை செய்து பாருங்கள்.

கிரிக்கெட்டில் வெளியிலிருந்து சைகை வாங்கவே கூடாத இடமும் இருக்கு. நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனைக்கு அனுப்புகிற அந்தச் சில விநாடிகள். 2017 மார்ச்சில் பெங்களூரில் ஸ்டீவ் ஸ்மித் உடைமாற்றும் அறையைத் திரும்பிப் பார்த்து மாட்டினார், மூளை மழுங்கிவிட்டது என்று ஒத்துக்கொண்டார். அதே வருஷம் நவம்பரில் கொல்கத்தாவில் டில்ருவன் பெரேரா. எல்பிடபிள்யூ கொடுத்ததும் நடந்து போகத் தொடங்கியவர், சட்டென்று திரும்பி மறுபரிசீலனை கேட்டார். தீர்ப்பு மாறியது. உள்ளே இருந்து யாரோ சைகை காட்டினாங்க என்று இந்திய ரசிகர்கள் கொதித்தார்கள். அப்படி எதுவும் இல்லை, ஹேரத்தும் நடுவரும் மறுபரிசீலனை மிச்சம் இருக்கா என்று கதைத்தது காதில் விழுந்துதான் அவர் திரும்பினார் என்று இலங்கை கிரிக்கெட் அறிக்கை விட்டது. ஸ்மித் விஷயத்தில் ஸ்கூல் வேனில் ஆளாளுக்கு நீதிபதியாக இருந்தோம். டில்ருவன் விஷயத்தில் அந்த அறிக்கையை ஒரே வாசிப்பில் நம்பினோம்.

‘நாங்கள்’ என்று இவ்வளவு நேரமும் சுலபமாக எழுதிவிட்டோம். இந்தியாவோடு மெச் வந்தால் அந்தச் சொல் அவ்வளவு சுலபம் இல்லை. மலையகத் தமிழன் இந்தியாவுக்குத்தான் கை தட்டுவான் என்பது இங்கே நிறையப் பேரின் முடிவு. அதனால் மெச் நடக்கும்போது சிலர் டிவியைப் பார்ப்பதைவிட எங்களைப் பார்ப்பது அதிகம். எந்த விக்கெட்டுக்கு எழும்பினோம், எந்த பவுண்டரிக்குப் பேசாமல் இருந்தோம், ஷேவாக் 99இல் நின்றபோது முகம் எப்படி இருந்தது. நாங்கள் அனுப்பாத சைகையையும் படித்துக்கொள்வார்கள்.

2011 ஏப்ரல் 2ஆம் திகதி உலகக்கிண்ண இறுதிப் போட்டி, மும்பையில் இந்தியாவும் இலங்கையும். முரளிதரனுக்கு அது கடைசி சர்வதேச மெச். எங்க நாலு வீட்டிலும் அன்றைக்கு ஒரே உத்தரவு: யார் ஜெயித்தாலும் சத்தம் வரக்கூடாது. இலங்கை ஜெயித்துக் கத்தினால் நடிக்கிறாங்க என்பாங்க, இந்தியா ஜெயித்துக் கத்தினால் சொல்லவே வேண்டாம். தோனியின் சிக்ஸர் போனபோது எங்க அப்பா எழும்பி ஜன்னலைச் சாத்தினார். வெளியே தூரத்தில் எங்கோ ஒரு பட்டாசு வெடித்தது. அது எந்தத் தோட்டத்துப் பக்கம் என்று அடுத்த நாள் டவுனில் விசாரித்தாங்க. உண்மையில் அன்றைக்கு எங்க அப்பா அழுதார், முரளிக்காக. அதை யாருக்கு எப்படிக் காட்டுவது?

ஒரே ஒரு ராத்திரிதான் விதிவிலக்கு. 2018 மார்ச் 18, கொழும்பில் நிதாஹஸ் கிண்ண இறுதி. இலங்கை ஏற்கனவே வெளியேறியாச்சு. ஆடுறது இந்தியாவும் பங்களாதேஷும். பங்களாதேஷ் நாகின் டான்ஸ் ஆடி இலங்கை ரசிகர்களைச் சீண்டியிருந்ததால் மைதானம் முழுக்க இந்தியாவின் பக்கம். கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டம் வேண்டும். தினேஷ் கார்த்திக் அடித்தார், சிக்ஸர். எங்க லயத்திலும் கத்தினாங்க, கீழே நாட்டிலும் கத்தினாங்க, ஒரே சத்தம். ஒரு சென்னைத் தமிழனுக்கு ஊரே சேர்ந்து விசிலடித்த அந்த நேரத்தில், திகனையில் கடைகள் எரிந்து ரெண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. எங்க முஸ்லிம் கூட்டாளி அன்றைக்கு மெச் பார்க்க வரல.

2024 பெப்ரவரி 21. இந்த முறை நாங்களே தம்புள்ளைக்குப் போனோம். ஆப்கானிஸ்தானோடு மூன்றாவது டி20. மத்தியானமே பஸ் ஏறி, நாலந்தை, நாவுல தாண்டிப் போகும்போது வழக்கம்போல சத்தமாகத் தமிழில் கதைத்தோம். முன் சீட்டில் இருந்த ரெண்டு பேர் தங்களுக்குள் சிங்களத்தில், “இன்னைக்கு இந்தியா ஆடலையே, இதுகள் எதுக்குப் போகுதுகள்” என்று சிரித்துக்கொண்டாங்க. எங்களுக்கு விளங்காது என்று நினைப்பு. நாவுலைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் எங்களில் ஒருத்தி நல்ல சிங்களத்தில் அவங்களிடம் நேரம் கேட்டாள். அதற்குப் பிறகு அந்த சீட்டிலிருந்து சத்தமே இல்லை.

அந்த மெச்சில்தான் தம்புள்ளைக்கு ரெண்டாவது நோ போல் கிடைத்தது. சரியாகச் சொன்னால், கிடைக்காத நோ போல். கடைசி ஓவரில் கமிந்து மெண்டிஸுக்கு வந்த ஒரு புல்டோஸ் இடுப்புக்கு மேலே போனது. ஸ்குவயர் லெக்கில் நின்ற நடுவர் லின்டன் ஹனிபல் கையை நீட்டவில்லை. இலங்கை மூன்று ஓட்டங்களால் தோற்றது. தலைவர் வனிந்து ஹசரங்க நடுவரைத் திட்டிப் பேசி ரெண்டு மெச் தடை வாங்கினார். 2010இல் யாரும் கேட்காமல் கொடுத்த அதே நோ போலை, அன்றைக்கு அத்தனை ஆயிரம் பேர் கத்திக் கேட்டோம். சிங்களத்தில், தமிழில், இங்கிலீஷில் எப்படிக் கத்தினாலும் ‘நோ போல்’ நோ போல்தான். பக்கத்தில் நின்ற அண்ணா ஒருத்தர், யாரென்றே தெரியாது, எங்க தோளைப் பிடித்துக் குலுக்கி “பாத்தீங்களா மல்லி, பாத்தீங்களா” என்று சிங்களத்தில் கேட்டார். பார்த்தோம் என்றோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் 2010 பற்றிச் சண்டை பிடித்தோம். ஒருத்தி சொன்னாள், ரந்தீவ் ஒரு இளம் வீரர், பெரியவர்கள் கதைப்பதைக் கேட்டுச் செய்தவருக்கு மட்டும் மெச் தடை விழுந்தது அநியாயம் என்று. அவர் பிற்காலத்தில் மெல்பர்னில் பஸ் ஓட்டினார் என்று செய்தி வந்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லையாம். மற்றவன், கால் அவருடையதுதானே, அவ்வளவு தூரம் யாரும் இழுத்து வைக்கலையே என்றான். அம்மாச்சியின் பேத்தி மட்டும், ஸ்டம்ப் மைக் வைத்தவனைப் பற்றி ஏன் யாரும் கதைக்கிறீங்க இல்லை என்று கேட்டாள். நிரைக்குள் நின்று கேட்கிறவன் அவன்தானே என்றாள். அது எல்லாருக்கும் தெரிந்து வைத்த மைக் என்று நாங்கள் மூன்று பேரும் சொன்னோம். அப்படியென்றால் ஏன் கதைச்சாங்க என்றாள்.

பஸ் மாத்தளைக்கு வந்தும் இது முடியவில்லை. 2டி என்றால் ‘ஹசரங்கவுக்கு ஓவர் கொடு’ என்றுதான் அர்த்தம் என்று உக்குவெலைக்காரன் வேறு நடுவில் சாதித்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு ஆதாரமும் இல்லை.